திருமணிமுத்தாற்றைப் பிடித்துக்கொண்டு படித்த பட்டம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எனக்குப் போன் மேல் போன் வரும். வாழப்பாடி, ஆத்தூர், அயோத்தியாப்பட்டணம் பக்கத்துச் சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். "பாப்பா என்விரான்மென்ட் தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. நீ படிச்சவ, சொல்லு கண்ணு. சேர்த்து விடலாமா? வேலை கிடைக்குமா?" போனில் சொல்லி முடிகிற விஷயமாக இது இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பம். பி.காம் படித்தாலும் இன்ஜினியரிங் படித்தாலும் சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு பேப்பர் எல்லோருக்கும் உண்டு. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, பிறகு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) எல்லா இளநிலைப் படிப்புக்கும் கட்டாயமாக்கிய பாடம் அது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி படித்துப் பாஸ் செய்கிற பேப்பர் என்று பேர் வாங்கிவிட்டது. "அதையே மூணு வருசம் படிக்கப் போறியா?" என்று என் மாமா கேட்டது அதனால்தான். பட்டப்படிப்பு வேறு. அதிலும் மூன்று வகை. சுற்றுச்சூழல் இன்ஜினியரிங் என்றால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைக்கக் கற்றுத் தருவார்கள். சுற்றுச்சூழல் அறிவியல் என்றால் வேதியியலும் உயிரியலும் லேபும் அதிகம். சுற்றுச்சூழல் ஆய்வுகள் என்ற பெயரில் வருவது பல துறைகள் கலந்தது. அறிவியலோடு சட்டம், பொருளாதாரம், வரலாறு, சமூகவியல் எல்லாம் வரும். நான் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் படித்தது மூன்றாவது வகை.

முதல் வருடம் பலருக்குத் தடுமாற்றமாக இருக்கும். ஒரே நாளில் காலையில் அமிலமழை, பதினொரு மணிக்கு சுற்றுச்சூழலுக்காக ஐ.நா. நடத்திய 1972 ஸ்டாக்ஹோம் மாநாடு, மதியம் தேவை-அளிப்பு வளைகோடு, சாயந்திரம் 1974-ம் வருட நீர்ச் சட்டம். ஒவ்வொரு ஆசிரியரும் தங்கள் துறையில் கெட்டி. ஒரு வகுப்புக்கும் இன்னொரு வகுப்புக்கும் நடுவே பாலம் போடுகிற வேலை மட்டும் யார் பொறுப்பிலும் இல்லை. பாடத்திட்டத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்; சேர்ந்திருக்காது. என்னோடு படித்தவர்களில் பலர், எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரியும், எதிலும் பிடிப்பில்லை என்ற கவலையோடுதான் கடைசி வருடத்துக்கு வந்தார்கள்.

எனக்கு அந்தக் கவலை தீர்ந்தது புராஜெக்ட்டுக்குச் சேலத்துக்குத் திரும்பி வந்தபோது. திருமணிமுத்தாற்றை எடுத்துக்கொண்டேன். சேர்வராயன் மலையில் மஞ்சவாடிப் பக்கம் உற்பத்தியாகி, சேலம் நகரத்துக்குள் சுகவனேஸ்வரர் கோயில் பக்கமாக வந்து, உத்தமசோழபுரம் தாண்டி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேருகிற ஆறு. சின்ன வயதில் டவுன் பஸ் பாலத்தைத் தாண்டும்போது எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வோம். அந்த ஆற்றை மலையிலிருந்து கீழ் வரைக்கும் நடந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நான் படித்த அத்தனை பாடமும் அந்த ஒரு ஆற்றில் ஒன்றுக்கொன்று பேச ஆரம்பித்தன. சேரப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதில் முக்கியமானது இதுதான்: உங்களுக்கென்று ஓர் இடத்தை முதல் வருடத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு ஏரி, ஒரு கரடு, ஒரு ஓடை போதும். வகுப்பில் எது நடத்தினாலும், அது அந்த இடத்தில் எப்படி இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கிற சோதனை ஒன்று இருக்கிறது, விங்க்லர் முறை. கண்ணாடிப் பாட்டிலில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் தண்ணீரை நிரப்பி, அதே இடத்திலேயே மாங்கனீஸ் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடு கரைசலையும் பிப்பெட்டில் ஆழமாக விட்டு, மூடியை அழுத்திக் கவிழ்த்துக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். மலையடிவார ஓடையில் இதைச் செய்தபோது பாட்டிலுக்குள் கெட்டியான பழுப்பு நிறம் திரண்டு மெதுவாகக் கீழே இறங்கியது. ஆக்சிஜன் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். அதே கரைசலை நகரத்துக்குள் எடுத்த தண்ணீரில் விட்டேன். வெள்ளையாகத் திரண்டது. பழுப்பு துளிகூட இல்லை. மீன் உயிரோடு இருக்க முடியாத தண்ணீர் என்பதை அந்த வெள்ளை நிறம் சொன்ன அளவுக்கு எந்த எண்ணும் எனக்குச் சொன்னதில்லை. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த பள்ளிக்கூடப் பையன்களும் இரண்டு பாட்டிலையும் பார்த்துவிட்டுக் காரணத்தைத் தாங்களே கண்டுபிடித்தார்கள்.

பாட்டிலை லேபுக்குக் கொண்டுவந்து அமிலம் விட்டு, தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்வார்கள். கடைசிக் கட்டத்தில் ஸ்டார்ச் கரைசல் சில சொட்டு. கருநீலமாகும். நீலம் மறைகிற இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த ஸ்டார்ச்சை ஒரு சின்ன பீக்கரில் காய்ச்சி வைத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இதே மாவு ஊரில் டன் கணக்கில் ஓடையில் போகிறது. சேகோ மில் (ஜவ்வரிசி ஆலை) கழிவு தங்கியிருந்த வாய்க்கால் தண்ணீரில் அயோடின் சொட்டுவிட்டால் லேபில் பார்த்த அதே நீலம் வந்தது.

என் அப்பா சேகோ மில்லில் மேஸ்திரி. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, லாரியில் வந்து இறங்குவதிலிருந்து களத்தில் ஜவ்வரிசி காய்வது வரை பார்த்து வளர்ந்தவள் நான். கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி அரைத்து, சல்லடையில் பாலை வடித்து, தொட்டியில் தேக்குவார்கள். மாவு அடியில் படியும். மேலே நிற்கிற தண்ணீரும் கிழங்கு கழுவிய தண்ணீரும்தான் வெளியே போகிறவை. சக்கை திப்பியாக மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும். தண்ணீரில் மிச்சமிருக்கும் மாவு புளித்து அமிலமாகும். கிழங்குத் தோலில் இருக்கும் சயனைடு சேர்மங்களும் அதோடு வரும். மாவைத் தின்கிற பாக்டீரியா ஆற்றிலிருக்கும் ஆக்சிஜனை எல்லாம் உறிஞ்சிவிடும். புளித்த நாற்றமும் நகரத்துக்குள் பார்த்த மாதிரி வெள்ளைப் பாட்டிலும் இப்படித்தான் வருகின்றன. நகரத்தின் சாக்கடையும் சாயக் கழிவும் வேறு சேர்கின்றன. பழியை முழுக்க மில்கள் மேல் போடக்கூடாது.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் வேதியியல் மாணவியாக நின்றிருப்பேன். வீட்டில் சொன்னபோது அப்பா கோபப்படவில்லை. "நம்ம சோறே அதுல தானே கண்ணு வருது. எழுதறப்ப அதையும் எழுது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே பொருளாதார நோட்டை மறுபடி எடுத்தேன்.

கிழங்குக்கு விலை வைப்பது எடைக்கு மட்டும் அல்ல, மாவுச்சத்துக்கு. பாயிண்ட் என்பார்கள். ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று டன்னுக்கு விலை போடுவார்கள். பாயிண்ட் குறைந்தால் விவசாயிக்கு அடி. ஜவ்வரிசி விலை இறங்கினால் மில்காரருக்கு அடி. இரண்டு பக்கமும் இறுக்கும்போது யாருக்கும் கணக்கில் வராத ஒரே செலவு கழிவுநீர். அதை ஆறு சுமக்கிறது. புறவிளைவு என்று வகுப்பில் வரைபடமாகப் பார்த்ததை, பாயிண்டுக்குப் பேரம் பேசுகிற களத்து மேட்டில் நின்று புரிந்துகொண்டேன்.

மில்காரர் ஒருவர் உட்கார வைத்துப் பேசினார். "பயோகேஸ் பிளான்ட் போட்டிருக்கோம்மா. சீசன்ல கேஸ் நல்லா வருது, எரிபொருள் செலவு மிச்சம். ஆனா கிழங்கு வராத மாசத்துல டேங்க்ல இருக்கிற பாக்டீரியாவுக்கு யாரு சோறு போடறது? அடுத்த சீசன்ல மறுபடி முதல்லயிருந்து ஆரம்பிக்கணும்." எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காத தகவல் இது. கழிவிலிருந்து எரிவாயு எடுப்பது தீர்வு என்று எழுதிவிடுவது சுலபம். சீசன் தொழிலில் அது எந்த மாதங்களில் தடுமாறும் என்பது மில்லில் உட்கார்ந்து பேசினால்தான் தெரியும்.

வரலாறு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மலேயாப் பக்கமிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943-44 வாக்கில் சேலத்தில் குடிசைத் தொழிலாகத் தொடங்கியதுதான் இது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தொட்டி வைத்துச் சின்ன அளவில் தொடங்கிய தொழிலுக்கு வாய்க்காலில் தண்ணீரைத் திறந்துவிடுவது அன்றைக்குப் பெரிய கெடுதலாகத் தெரிந்திருக்காது. நீர்ச் சட்டம் வந்தது 1974-ல், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1986-ல். சட்டம் வருவதற்கு முன்னாலேயே தொழில் வேர் பிடித்துவிட்டது. பிஓடி என்பது தண்ணீரிலிருக்கும் கழிவைத் தின்று தீர்க்க பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு. ஆற்றில் விடும் கழிவுநீரில் அது லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. சுத்திகரிக்காத சேகோ கழிவில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். இந்த இடைவெளியை அபராதத்தால் மட்டும் நிரப்ப முடியாது என்று எனக்குத் தோன்றியதற்கு இந்த வரலாறுதான் காரணம்.

மலைக்கு மேலே கதை வேறு. ஏற்காட்டில் காபியை 1820-களில் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். இன்று எஸ்டேட்டுகளில் நிழலுக்கு நிற்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். நேராக வளரும், மிளகுக் கொடி ஏற்ற வசதி, மரமாக விற்கவும் செய்யலாம். தோட்டக்காரர் பார்வையில் நியாயமான தேர்வு. மலையாளிப் பழங்குடி (கேரளத்துக்காரர்கள் அல்ல, இந்த மலையிலேயே வாழ்கிறவர்கள்) கிராமத்தில் ஓர் ஆயா திண்ணையில் சாமை புடைத்துக்கொண்டே ஓடைகளைப் பற்றிச் சொன்னார். எந்த ஓடையில் கோடையிலும் ஊற்று நிற்கும், எதில் முன்பு நின்றது இப்போது நிற்பதில்லை என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். அவர் சொன்ன ஓடைகளை டோபோஷீட்டில் (மேடு பள்ளம், ஓடை எல்லாம் காட்டும் வரைபடம்) குறித்து வைத்து ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். ஒன்றில்கூட அவர் சொன்னது தப்பாக இல்லை. நான் தயாரித்துக் கொண்டுபோயிருந்த கேள்வித்தாளில் ஓடைகளைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. தண்ணீர் எங்கிருந்து பிடிக்கிறீர்கள், எத்தனை குடம் என்பதோடு சரி. அதனால் களத்துக்குப் போகிறவர்கள் கேள்வித்தாளை முதல் நாளே வெளியே எடுக்க வேண்டாம். முதலில் அவர்கள் பேசட்டும். கேள்விகளை அதற்குப் பிறகு எழுதலாம்.

காபிப் பழம் எடுக்கும் மாதங்களில் பழத்தோல் நீக்கும் பல்ப்பர் இயந்திரத்தைக் கழுவிய தண்ணீரும் இனிப்பும் புளிப்புமாக ஓடையில் இறங்கும் என்பதையும் அங்கேதான் பார்த்தேன். மலை சுத்தம், ஊர் அசுத்தம் என்று பிரித்து எழுத முடியாது. இதே மலை முகட்டில் பாக்சைட் வெட்டினார்கள். அடிவாரத்துக்கு இந்தப் பக்கம், சேலத்தின் விளிம்பில் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்கள். ஏற்காடு தாலுகா மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்புக்குள் வருகிறது. கட்டடம் கட்ட அதன் அனுமதியும் வேண்டும். நிலவியல், தோட்டப்பயிர், சட்டம், பழங்குடி வாழ்வு நாலும் ஒரே ஓடையில் கால் நனைக்கிற இடம் சேர்வராயன். நம் மாவட்டப் பிள்ளைகள் இந்தப் படிப்புக்கு எங்கே போய்ச் சேர்ந்தாலும், புராஜெக்ட்டுக்கு இங்கே வாருங்கள் என்று நான் கேட்பது அதனால்தான்.

நான் படிக்கும்போதே, 2018-ல், சேலம்-சென்னை எட்டு வழிச்சாலைத் திட்டம் வந்தது. 277 கிலோமீட்டர். வயலில் கல் நட்டார்கள், அதைக் கட்டிப்பிடித்து அழுத விவசாயிகளை எல்லோரும் டிவியில் பார்த்தோம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, அதாவது ஒரு திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணிப்பது, என்று வகுப்பில் வறட்டுத்தனமாக நடத்தப்பட்ட பாடம் திடீரென்று சொந்தக்காரர் வீட்டுக் கதையானது. நிலம் எடுக்கும் அறிவிப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டுமா என்பது அந்த வழக்கின் மையக் கேள்விகளில் ஒன்று. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அறிவிப்புக்கு முன் அனுமதி தேவையில்லை, வேலை தொடங்குவதற்கு முன் வேண்டும் என்றது. இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்தப் பாடப்புத்தகமும் அவ்வளவு கற்றுத் தராது. தாக்க மதிப்பீடு பற்றிய 2006-ம் வருட அறிவிக்கையின்படி கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் மாநில மொழியிலும் இருக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தை ஊர் மக்கள் கையில் கொடுத்து, உட்கார்ந்து விளக்கத் தெரிந்த ஆள் நம் பக்கத்தில் மிகக் குறைவு. இந்தப் பட்டம் படித்தவர்கள் போய் நிற்க வேண்டிய இடம் அது என்று நான் மனதார நம்புகிறேன்.

இனி வேலை விஷயம். பெற்றோர் இதற்குத்தான் போன் செய்கிறார்கள், அது நியாயமும்கூட.

பல துறை படித்தாலும் ஒன்றில் கை திருந்தியிருக்க வேண்டும். எனக்கு அது நீர்ப் பரிசோதனை. என் தோழி ஒருத்திக்கு வரைபடம். க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், அதை விடுமுறைகளில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள், எங்கள் செட்டில் முதலில் வேலைக்குப் போனவள் அவள்தான். இன்னொருவன் சட்ட ஆவணங்களில் இறங்கி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவதில் தேர்ந்து, இப்போது சட்டம் படிக்கிறான். வேலை தருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த ஒரு திறமையை. மற்ற துறைகளைப் படித்ததன் பலன் வேலைக்குள் போன பிறகுதான் தெரியும். இன்ஜினியரும் வக்கீலும் ஊர்த் தலைவரும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் மூன்று பேர் பேசுவதும் புரிகிற ஆளாக நீங்கள் இருப்பீர்கள்.

அரசு வேலை கனவு இருந்தால் சேருவதற்கு முன்பே தகுதியைப் பாருங்கள். இந்திய வனப் பணிக்கு யுபிஎஸ்சி கேட்பது கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் இவற்றில் ஒன்றாவது பாடமாக இருக்கும் பட்டம், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம். சுற்றுச்சூழல் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே உங்கள் மார்க் ஷீட்டில் இவற்றில் ஒன்று பாடமாகவே வருமா என்று கல்லூரியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டத்தின் பெயர் பி.ஏ.வா பி.எஸ்சி.யா என்பதும் பின்னால் பல இடத்தில் கதவைத் திறக்கும் அல்லது மூடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வேலை அறிவிப்புகளில் இதைக் கவனித்துப் பாருங்கள். கல்லூரி ஆசிரியப் பணி விரும்பினால் அதற்கான தகுதித் தேர்வான நெட்டில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் கன்சல்டன்சிகளில் காற்று, நீர், உயிரினம், சமூகப் பொருளாதாரம் என்று தனித்தனி நிபுணர்கள் வேண்டும், அங்கே எம்.எஸ்சி. முடித்திருந்தால் நல்லது. தமிழக அரசின் முதலமைச்சர் பசுமைத் தோழமைத் திட்டத்தில் மாவட்டங்களில் ஆட்களை எடுத்தார்கள், அதையும் பார்த்துவையுங்கள். நான் நீர்நிலை ஆய்வு செய்யும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். சம்பளம் ஐடியில் இருக்கும் என் தம்பியை விடக் குறைவுதான். இதை மறைத்துப் பிள்ளைகளைச் சேர்த்துவிடக் கூடாது.

களத்துக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள், எஸ்டேட்டுக்குள் மேலாளரிடம் சொல்லாமல் போகாதீர்கள். ஏற்காட்டில் காட்டெருமை ரோட்டோரத்திலேயே நிற்கும். தனியாக ஓடைக்கு இறங்க வேண்டாம். கழிவுநீரில் கையுறை இல்லாமல் கை வைக்காதீர்கள். பிஓடி மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே லேபில் சேருங்கள், கடைசி பஸ் நேரம் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். சேகோ கழிவைப் பார்க்க வேண்டுமானால் கிழங்கு சீசனில் வாருங்கள். சீசன் இல்லாத மாதத்தில் எடுத்த எண்ணை வைத்து ஆறு சுத்தமாகிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். ஆறு தாண்டும் ஊர்களில் உங்கள் முடிவுகளை ஒரு பக்கத்தில் எழுதி, படித்துக் காட்டிவிட்டு வாருங்கள். அப்பாவின் மில்லில் நான் அப்படிப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு முதலாளி, தொட்டியில் இன்னும் கொஞ்ச நேரம் தேக்கினால் போகிற மாவு குறையுமா என்று கேட்டார். குறையும் என்றேன். அந்தக் கணக்கை அவரும் அப்பாவும் களத்திலேயே உட்கார்ந்து போட்டார்கள். மிச்சமாகும் மாவு காசாகும் என்பதால் கணக்கு சட்டென்று முடிந்தது.

கடைசியாக, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் விதம். வெப்சைட்டில் போட்டிருக்கும் பச்சைப் புல்வெளிப் படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நேரில் போய், பாடத்திட்டத்தில் களப்பணிக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். லேபைக் காட்டச் சொல்லுங்கள்; பிஓடி இன்குபேட்டர் இருக்கிறதா, 27 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கிறதா, உள்ளே பாட்டில் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். மூன்றாம் வருடப் பிள்ளைகள் நாலைந்து பேரை வெளியே டீக்கடையில் பிடித்து, புராஜெக்ட்டுக்கு எங்கே போனீர்கள், கூட எந்த ஆசிரியர் வந்தார் என்று விசாரியுங்கள். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்வியை அவளே கேட்கட்டும்.